கேபிளைப் பிடுங்கிப் பார்த்தால் போதாது

நெட்வொர்க் டெண்டர் எழுதி, வேலை முடிந்ததும் கையெழுத்துப் போடும் ஐ.டி. பொறுப்பாளர்களுக்கு,

வணக்கம். இரண்டு கட்டடங்களின் ஸ்விட்ச்சுகளுக்கு (கம்ப்யூட்டர்களை நெட்வொர்க்கில் இணைக்கும் பெட்டிகள்) நடுவே இரண்டு ஃபைபர் இணைப்பை, ஒரே இணைப்பைப் போல் இயங்கும்படி ஒன்றாகக் கட்டித் தருகிறார்கள். சோதனை என்று ஒரு கேபிளைப் பிடுங்குகிறார்கள். எதிர்முனை பதில் தருகிறதா என்று விடாமல் கேட்டுக்கொண்டிருக்கும் பிங்கில் ஒன்றிரண்டு பதில் வராமல் போய், உடனே திரும்பிவிடுகிறது. எல்லோரும் தலையாட்டிவிட்டு டீ குடிக்கப் போகிறோம். இதில் தேறாத ஸ்விட்ச்சே கிடையாது! ஃபைபரில் வெளிச்சம் நின்றதுமே, கேபிள் செருகிய போர்ட் விழுந்தது தெரிந்து, போக்குவரத்தை மற்ற இணைப்புக்குத் தள்ளிவிடும்.

நடுவில் மீடியா கன்வர்ட்டர் (ஃபைபரையும் செப்புக் கேபிளையும் இணைக்கும் சிறு பெட்டி) இருந்தால் கதையே வேறு. அதற்கு அப்பால் ஃபைபர் அறுந்து, அந்தச் சேதியைக் கன்வர்ட்டர் இந்தப் பக்கம் சொல்லாவிட்டால், ஸ்விட்ச்சில் பச்சை விளக்கு எரிந்துகொண்டேதான் இருக்கும். ஸ்விட்ச்சும் நம்பி அனுப்பிக்கொண்டே இருக்கும். அனுப்புபவர், பெறுபவர் முகவரிகளை வைத்துக் கணக்குப் போட்டு, ஒவ்வொரு தொடர்பையும் ஏதோ ஓர் இணைப்பில் விடுவது அதன் வழக்கம். அதனால் ஒரு மேசையில் வருகைப்பதிவு திறக்கும். பக்கத்து மேசையில் சுற்றிக்கொண்டே நிற்கும். ‘ரீஸ்டார்ட் பண்ணிப் பாருங்க’ என்பார்கள். பாவம், கம்ப்யூட்டர் என்ன செய்யும்?

இதற்குத்தான் எல்.ஏ.சி.பி. இருக்கிறது: கட்டிய ஒவ்வொரு இணைப்பும் உயிரோடு இருக்கிறதா என்று இரு முனை ஸ்விட்ச்சுகளும் பேசிப் பார்த்துக்கொள்ளும் முறை. 2000-இலேயே ஐ.இ.இ.இ. என்ற பொறியாளர் அமைப்பின் தரமாகிவிட்டது. மெதுவான அமைப்பில் 30 வினாடிக்கு ஒருமுறை இரு முனைகளும் தகவல் அனுப்பிக்கொள்ளும். 90 வினாடி எதுவும் வராவிட்டால் அந்த இணைப்பு கட்டிலிருந்து விலக்கப்படும். வேக அமைப்பில் வினாடிக்கு ஒன்று, 3 வினாடியில் விலக்கம். தகவல் எவ்வளவு வேகமாக வரவேண்டும் என்று கேட்பது பெறும் முனைதான். ஆகவே இரு பக்கமும் அமைக்க வேண்டும். எல்.ஏ.சி.பி. இல்லாமல் கையால் கட்டியிருந்தால் இந்த 90 வினாடிக் கெடுவும் கிடையாது. யாராவது வந்து போர்ட்டை ஷட் பண்ணும்வரை அந்த இணைப்பில் விழுந்தவர்கள் விழுந்தவர்கள்தான்.

வேக அமைப்பிலும் ஒரு சிக்கல் உண்டு. மென்பொருளை மாற்றும்போது ஸ்விட்ச்சின் செயலி சில வினாடி பேசாமல் இருந்தால் நல்ல இணைப்பும் விழும். கன்வர்ட்டர் இல்லாத நேரடி ஃபைபருக்கு மெதுவானதே போதும் என்பேன்.

ஆகவே டெண்டரில் மூன்று வரி சேருங்கள்: எல்.ஏ.சி.பி. கட்டாயம், கன்வர்ட்டர் உள்ள வழியில் இரு முனையிலும் வேக அமைப்பு, சோதனையில் கன்வர்ட்டருக்கு அப்பால் உள்ள ஃபைபரைக் கழற்ற வேண்டும். அப்போது ஒரே கம்ப்யூட்டரிலிருந்து பிங் பார்க்காதீர்கள். பத்துப் பதினைந்து கம்ப்யூட்டர்களிலிருந்து ஒரே நேரத்தில் ஓடவிட்டு, எத்தனையாவது வினாடியில் எல்லாம் திரும்பின என்று எழுதி வாங்கிய பிறகு கையெழுத்துப் போடுங்கள்.

இப்படிக்கு,
ஸ்விட்ச் அறைகளில் வேலை பார்க்கும் ஒருவன்