பித்தளைப் பூட்டு லேப்டாப் ஆன கதை: கைகொடுத்த எல்லோருக்கும் நன்றி

அன்புள்ள அண்ணன்மார், அக்காமார் எல்லோருக்கும்,

ஏழு மாதத்துக்கு முன்னால் என் கையில் இருந்தது ஒரு பித்தளைப் பூட்டு. தங்கையின் படிப்புக்கு லேப்டாப் வேண்டும், வாங்கப் பணம் இல்லை. பொருளுக்குப் பொருள் மாற்றிக்கொண்டே போனால் கிடைத்துவிடும் என்று நம்பித்தான் உங்கள் கதவுகளைத் தட்டினேன். நேற்று லேப்டாப் வீட்டுக்கு வந்துவிட்டது.

அந்த நம்பிக்கையைத் தந்தவர் கனடாக்காரர் கைல் மெக்டொனால்டு. 2005 ஜூலையில் ஒரு சிவப்பு பேப்பர் கிளிப்பைக் கொடுத்து மீன் வடிவப் பேனா வாங்கினார். அடுத்த ஜூலைக்குள் 14 மாற்றுகள். கடைசியில் கிப்ளிங் என்ற சிற்றூரில் ஒரு வீடு. நடுவில், பாடகர் ஆலிஸ் கூப்பரோடு ஒரு பிற்பகலைக் கழிக்கும் வாய்ப்பு அவர் கையில் இருந்தது. அதைக் கொடுத்துவிட்டு, உள்ளே பனி கொட்டும் ஒரு கண்ணாடி உருண்டையை வாங்கிக்கொண்டார். பார்த்தவர்களுக்கு அது பைத்தியக்காரத்தனம். ஆனால் நடிகர் கார்பின் பெர்ன்சன் அப்படிப்பட்ட உருண்டைகளை ஆயிரக்கணக்கில் சேர்த்து வைத்திருப்பவர். அவர் அதை வாங்கிக்கொண்டு ஒரு திரைப்பட வேடம் கொடுத்தார். அந்த வேடத்துக்குத்தான் வீடு கிடைத்தது.

பண்டமாற்றில் என்னிடம் இருப்பது உங்களுக்கு வேண்டும், உங்களிடம் இருப்பது எனக்கு வேண்டும். இரண்டும் ஒரே நேரத்தில் பொருந்த வேண்டும். பொருளியலாளர் ஜெவன்ஸ் 1875-லேயே இந்தச் சிக்கலைச் சொல்லிவிட்டார். அதை வாரக்கணக்கில் அலைந்துதான் நான் புரிந்துகொண்டேன். பூட்டு மேசை விளக்கானது, விளக்கு குழந்தைகள் சைக்கிளானது. இரண்டும் சட்டென்று முடிந்தன. சைக்கிளுக்குக் கிடைத்த கிதாரோடு இரண்டு மாதம் நின்றுவிட்டேன். கம்பிகளைத் தாங்கும் கட்டை பெயர்ந்து கிடந்ததால் தொட்டுப் பார்த்தவர்கள் எல்லோரும் வைத்துவிட்டுப் போனார்கள்.

தச்சு வேலை செய்யும் அண்ணே, அதை மடியில் வைத்துக்கொண்டு விரலால் தட்டிப் பார்த்தீர்கள். "மரம் நல்லா இருக்கு, பசைதான் விட்டிருக்கு" என்றீர்கள். பழைய பசையைச் சுரண்டி, புதிதாக ஒட்டி, கிளாம்ப் போட்டு இரண்டு நாள் அசையாமல் வைத்தீர்கள். பதிலுக்கு உங்கள் நோட்டில் இருந்த கணக்கை எல்லாம் நான் கம்ப்யூட்டரில் ஏற்றித் தந்தேன். ஒருவருடைய உழைப்பும் பண்டம்தான் என்று எனக்குக் காட்டியவர் நீங்கள்.

அந்தக் கிதாருக்குக் கேமரா கொடுத்த ஐயாவுக்குத் தனியாக ஒரு கும்பிடு. நான் கேட்காமலே டார்ச் அடித்து, லென்ஸுக்குள் சிலந்தி வலைபோலப் படர்ந்திருந்த ஃபங்கஸைக் காட்டினீர்கள். "பார்த்துட்டு வேணும்னா எடுத்துக்கப்பா, படத்துல பெருசா தெரியாது" என்றீர்கள். நீங்கள் சொன்னதை அப்படியே லேப்டாப் அக்காவிடம் சொன்னேன். மகன் படம் எடுக்கப் பழகுவதற்கு இது போதும் என்று வாங்கிக்கொண்டார்கள். சார்ஜரையும் பையில் போட்டுக் கொடுத்தார்கள். அக்கா, பேட்டரி ஒரு மணி நேரம்தான் நிற்கும் என்று நீங்களும் மறைக்காமல் சொன்னீர்கள். தங்கை பிளக் பக்கத்திலேயே மேசையை நகர்த்திப் போட்டுக்கொண்டாள்.

இடையில் ஒருவர் ஓடாத வாட்சை ஓடுவதாகச் சொல்லி மாற்றப் பார்த்தார். அதற்குப் பிறகுதான் உங்கள் நேர்மை எவ்வளவு பெரியது என்று எனக்கு உறைத்தது.

கடைசியாக, முதல் ஆளான பூட்டு அண்ணனுக்கு. ஒரு சாவிதான் இருக்கிறது என்று சொல்லிக் கொடுத்தேன். நேற்று லேப்டாப் வைக்க மேசை டிராயரை ஒழித்தபோது இன்னொரு சாவி கிடைத்தது. அதற்கு மாற்று எதுவும் வேண்டாம். இந்த ஞாயிற்றுக்கிழமை வீட்டில் இருங்கள் அண்ணே, கொண்டுவந்து தருகிறேன்.

என்றும் நன்றியுடன்,
உங்கள் தம்பி