தபால் களவுப் புகாருக்கு அன்றே எழுத்து ஒப்புகை வழங்கக் கோரும் மனு

அனுப்புநர்:
தபால் களவால் பாதிக்கப்பட்ட குடியிருப்பாளர்

பெறுநர்:
அஞ்சல் கண்காணிப்பாளர் அவர்கள்,
அஞ்சல் கோட்ட அலுவலகம்

பொருள்: களவு போன தபால் குறித்த புகாருக்கு அன்றே தேதியிட்ட ஒப்புகை வழங்கவும், முகவரி மாற்றக் கோரிக்கைகளைப் பழைய முகவரியில் சரிபார்க்கவும் வேண்டுதல்

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். எங்கள் குடியிருப்பின் தரைத்தளத்தில் வரிசையாக இருக்கும் தபால் பெட்டிகளை ஒரு நாள் இரவு யாரோ நெம்பித் திறந்துவிட்டார்கள். எனக்கு வரவேண்டிய வங்கி அட்டையும் கணக்கு அறிக்கையும் போயின. வேறு என்ன போயிற்று என்று இன்றுவரை தெரியாது. பணப்பை தொலைந்தால் உள்ளே இருந்ததைச் சொல்லிவிடலாம். கைக்கே வராத கடிதத்தில் என்ன இருந்தது என்று எப்படிச் சொல்வது?

அன்று காலையே வங்கிக்குப் போன் செய்து அட்டையை முடக்கினேன், கடவுச்சொற்களை மாற்றினேன். அப்புறம் அஞ்சலகத்துக்குப் போனேன். காவல் நிலையத்துக்குப் போகச் சொன்னார்கள். காவல் நிலையத்திலோ, முதலில் அஞ்சலகத்தில் எழுதி வாங்கி வாருங்கள் என்றார்கள். இரண்டு இடத்துக்கும் நடந்ததில் ஒன்பது நாள் போயிற்று. அதற்குள் என் பெயரில் வேறொரு நிறுவனத்தில் கடன் விண்ணப்பம் போய்விட்டது. அட்டையை முடக்கியது நல்லதுதான், ஆனால் கணக்கு அறிக்கையை யாரால் முடக்க முடியும்? பெயர், முகவரி, கணக்கு எண், மாத வரவு எல்லாம் அந்த ஒரு தாளில் இருக்கின்றன. விண்ணப்பம் நான் போட்டதல்ல என்பதற்கு ஆதாரம் கேட்டார்கள். என் தபால் எந்தத் தேதியில் களவு போனது என்று காட்ட என்னிடம் ஒரு துண்டுச் சீட்டுகூட இல்லை.

பக்கத்து வீட்டு அம்மாவுக்கு வரவேண்டிய காசோலையும் அதே இரவில் போயிற்று. அசிட்டோன் போன்ற கரைப்பானில் சாதாரணப் பேனா மை கரைந்துவிடும். கையொப்பத்தை மட்டும் விட்டுவிட்டுப் பெயரையும் தொகையையும் அழித்து எழுதிக்கொள்கிறார்கள். அனுப்பியவர் உடனே தன் வங்கியில் சொல்லி நிறுத்தியதால் பணம் தப்பியது. அவருக்கு அன்றே தகவல் போனதுதான் காரணம். இந்தக் களவில் முந்துபவர் யார் என்பதுதான் எல்லாம்.

ஆகவே ஐயா, முதன்மையாக நான் வேண்டுவது ஒன்று. தபால் களவு போனது என்று யார் வந்து சொன்னாலும், விசாரணை முடியும்வரை காத்திருக்க வைக்காமல், புகார் எண்ணும் தேதியும் முத்திரையும் உள்ள ஒப்புகையை அன்றே கொடுக்க உத்தரவிடுங்கள். களவு நடந்தது உண்மை என்று நீங்கள் உறுதி சொல்ல வேண்டியதில்லை. இன்ன நாளில் வந்து புகார் செய்தார் என்று இருந்தால் போதும். வங்கியிலும் காவல் நிலையத்திலும் கடன் தகவல் நிறுவனத்திலும் காட்ட அந்தத் தாள்தான் வேண்டும்.

இன்னொன்றும் உண்டு. களவாளி கையில் ஒருவருடைய பெயரும் முகவரியும் கிடைத்தால், தபாலை வேறு இடத்துக்குத் திருப்பிவிடக் கோரி அந்தப் பெயரில் களவாளியே விண்ணப்பிக்கலாம். பிறகு பெட்டியை உடைக்க வேண்டிய வேலையே இல்லை. அப்படி ஒரு விண்ணப்பம் வந்தால் பழைய முகவரிக்கும் ஒரு கடிதம் அனுப்பி உறுதிசெய்ய வேண்டும். அமெரிக்க அஞ்சல் துறையில் இந்த வழக்கம் இருக்கிறது. அன்றைக்கு வரப்போகும் கடித உறைகளின் படத்தைக் காலையிலேயே மின்னஞ்சலில் அனுப்பும் இலவசச் சேவையையும் அவர்கள் 2017 முதல் நாடு முழுக்க நடத்துகிறார்கள். இங்கே அது உடனே முடியாது என்றால் சரி, பழைய முகவரிக்கு ஒரு கடிதம் அனுப்புவதையாவது தொடங்கலாம்.

வங்கி அட்டை, அடையாள ஆவணம் உள்ள உறைகளைப் பெட்டியில் போடாமல் கையொப்பம் பெற்றுத் தரும்படி தபால்காரர்களுக்குச் சொல்லவும் வேண்டுகிறேன். எங்கள் தபால்காரர் மீது எனக்கு ஒரு குறையும் இல்லை. பூட்டு உடைந்திருப்பதை முதலில் பார்த்துச் சொன்னவரே அவர்தான்.

என் மனுமீது எடுக்கும் நடவடிக்கையை எழுத்து மூலம் தெரிவிக்கக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
(கையொப்பம்)

இணைப்பு: உடைந்த பெட்டிகளின் படங்கள், கடன் விண்ணப்பத்தை மறுத்து நான் எழுதிய கடிதத்தின் நகல்