மாம்பழ மஞ்சள்

அன்பு மகளுக்கு,

உடுப்பு போட்டுப் பார்க்கும் அறைக்குள் நின்று அழுததை நீ நேற்று ஏதோ கடைக்குப் போய்வந்த கதைபோலச் சொல்லிவிட்டு ஃபோனை வைத்துவிட்டாய். எனக்குத்தான் நித்திரை வரவில்லை.

முப்பது வருடமாகத் தையல் மெஷினோடு கிடப்பவள் சொல்கிறேன்: உடுப்பு அளவாக இல்லாதது உன் உடம்பின் பிழையில்லை, பிழை வெட்டில்தான், பிள்ளை. கம்பெனிகள் நடுத்தர உடம்பு ஒன்றுக்கு மாதிரி வெட்டிவிட்டு, சுற்றிவர இத்தனை அங்குலம் என்று கூட்டிக்கொண்டே போகும். மார்பு பெருத்தால் தோளும் அதே கணக்கில் அகலுமா? அதனால்தான் பெரிய சைஸ் சட்டையில் தோள் சரிந்து தொங்குகிறது, மேற்கை மட்டும் இறுக்குகிறது. பெரிய உடம்புக்குத் தனி மாதிரி வெட்ட வேண்டும். அதற்குச் செலவழிக்கப் பலருக்கு மனம் வராது.

தையல் வகுப்புப் பிள்ளைகளுக்காக வாசித்தேன். அமெரிக்காவில் 1939-40இல் ஏறக்குறைய 15,000 பெண்களை அளந்து, வெள்ளையரின் அளவுகளை மட்டும் கணக்கில் எடுத்தார்களாம். அதிலிருந்து 1958இல் வந்த உடுப்பு சைஸ் அட்டவணையை 1983இல் அவர்களே கைவிட்டார்கள். இன்று ஒவ்வொரு கம்பெனியும் தன் பாட்டுக்கு இலக்கம் போடுகிறது. இந்த இலக்கத்துக்கா அழுதாய்?

பக்கத்து வீட்டுப் பிள்ளை கிளிநொச்சியில் கார்மென்ட் வேலைக்குப் போகிறாள். வெளிநாட்டுக்குப் போகும் பெரிய சைஸ் உடுப்பெல்லாம் தைக்கிறாள். தீபாவளிக்கு அவளுக்கு அளவான பஞ்சாபி உடுப்பு டவுனில் ஒரு கடையிலும் இல்லை. கடைசியில் என்னிடம்தான் வந்தாள்.

கடைக்காரரை மட்டும் குறை சொல்ல எனக்கு வாயில்லை. 2009இல் செட்டிகுளம் முகாமில் நீ எலும்பும் தோலுமாகக் கிடந்தபோது, இந்தப் பிள்ளை சதை பிடித்தால் போதும் என்று வற்றாப்பளை அம்மனுக்கு நேர்ந்தவள் நான். ஏழு வருடம் கழித்து, பெரியம்மா வீட்டுக் கலியாணத்துக்கு மற்றப் பிள்ளைகளுக்கெல்லாம் மாம்பழ மஞ்சளில் தைத்து, உனக்கு மட்டும் கறுநீலத்தில் தொளதொளவென்று தைத்தவளும் நான்தான். "இது மெலிவாகக் காட்டும்" என்றேன். நீ ஒன்றும் சொல்லாமல் போட்டுக்கொண்டாய். படத்தில் பின்வரிசையில் நிற்கிறாய்.

தை மாதம் தம்பியின் கலியாணத்துக்குச் சேலைச் சட்டை நான்தான் தைப்பேன். அளவு எடுத்து அனுப்பு. மேற்கைச் சுற்றளவை மறக்காதே. மூச்சை இழுத்துப் பிடித்துக்கொண்டு அளக்காதே, சோறு சாப்பிட்டபிறகு அள. உள்ளே இரண்டு அங்குலம் துணி விட்டுத்தான் தைப்பேன். துணி எடுத்துவிட்டேன், மாம்பழ மஞ்சள்.

அம்மா