ரெஸ்ட் எடுங்க என்று சொல்லாத விருத்தாசலத்துக்காரர்களுக்கு

அன்புடையீர், வணக்கம்.

2022இல் ஓய்வுபெற்று நெய்வேலியிலிருந்து விருத்தாசலத்துக்குக் குடிவந்தபோது, பார்த்தவர்கள் எல்லாரும் "இனிமே நிம்மதியா ரெஸ்ட் எடுங்க சார்" என்றார்கள். நல்ல மனதோடுதான் சொன்னார்கள். அப்படிச் சொல்லாமல் என்னை வேலை வாங்கிய சிலர் உண்டு. இந்த மடல் அவர்களுக்கு.

நெய்வேலிக்காரர்களுக்குத் தெரியும், அங்கே ரிட்டயர்மென்ட் என்றால் குவார்ட்டர்ஸையும் காலி செய்யவேண்டும். குடியிருந்த வட்டம் (டவுன்ஷிப்பில் பகுதிக்கு அப்படித்தான் பெயர்) போகும், எதிர்வீடு போகும், ஜூலையில் புத்தகக் கண்காட்சிக்குச் சேர்ந்து போகிற கூட்டமும் போகும். நான் வேலை பார்த்த முதலாம் அனல்மின் நிலையத்துக்கும் எனக்கும் ஒரே வயது, 1962. சோவியத் உதவியோடு எழுந்த அந்த 600 மெகாவாட் நிலையத்தை 2020இல் நிறுத்தினார்கள். எனக்குப் புதிய நிலையத்தில் இன்னும் கொஞ்ச காலம் ஓடியது.

இங்கே வந்தும் நைட் ஷிப்ட் உடம்பை விடவில்லை. ராத்திரி இரண்டு மணிக்கு முழிப்பு வரும், எழுந்து செய்ய ஒன்றும் இருக்காது. பகலில் தேடி வந்தவர்கள், பிஎஃப் பணம் எவ்வளவு வந்தது என்று விசாரித்த மனைத் தரகர்கள்தான்.

வீட்டம்மாவுக்கு முதல் நன்றி. "பத்து மணிக்கு மேல ஆம்பள வீட்ல உக்காந்திருந்தா எனக்கு வேலை ஓடாது" என்று அவர் துரத்தியிராவிட்டால், எனக்கு முன்பே ஓய்வுபெற்ற சங்கத் தோழரின் கண்ணில் பட்டிருக்க மாட்டேன். அவர் நலம்கூட விசாரிக்கவில்லை. "நாளைக்குக் காலைல போனோட வந்திடுங்க, ஆள் பத்தல" என்றார்.

வேலை, பென்ஷன்காரர்களுக்கு லைஃப் சர்டிபிகேட், அதாவது உயிரோடு இருப்பதற்கான சான்று, எடுத்துக் கொடுப்பது. ஆண்டுக்கொரு முறை அது பதிவாகாவிட்டால் பென்ஷன் நின்றுவிடும். இபிஎஸ் என்கிற பிஎஃப் ஓய்வூதியத் திட்டத்தில் குடும்ப பென்ஷன் வாங்கும் பாட்டிமார் பலருக்கு வருவதே மாதம் ஆயிரத்துச் சொச்சம். இதில் நான் எதிர்பாராத சிக்கல் ஒன்று இருந்தது. எங்கள் பக்கம் முந்திரிக்காடு. கொட்டை உடைத்தே காலம் தள்ளியவர்களின் விரலை முந்திரிப் பால் அரித்து ரேகையைத் தேய்த்துவிட்டிருக்கும். கைரேகை மிஷின் அவர்களை ஆள் என்றே ஒத்துக்கொள்ளாது. 2021இல் முகத்தைக் காட்டிப் பதிவு செய்யும் வசதி வந்தபிறகு, ஒரு நல்ல செல்போன் இருந்தால் போதும் என்றானது.

அந்தச் செயலிகளைப் போனில் ஏற்றி, ஆதார் எண், பிபிஓ எண் எனும் பென்ஷன் உத்தரவு எண் இவற்றை எங்கே போடுவது என்று காட்டிக்கொடுத்தவர் பஸ் ஸ்டாண்டு பக்கம் பிரவுசிங் சென்டர் வைத்திருக்கும் தம்பி. காசு வாங்கிக்கொண்டு அவர் செய்கிற வேலை அது. அதையே இலவசமாகச் செய்யப்போகிற ஆளுக்குக் கற்றுக்கொடுக்க எத்தனை பேருக்கு மனசு வரும்?

பாட்டிமாருக்குத் தனியாக ஒரு கும்பிடு. வெளிச்சம் சரியில்லாமல் படம் விழாதபோது ஒருவர் கேட்டார்: "நான் உசுரோடதான் இருக்கேன்னு இதுக்கு எத்தன தரம் கண்ணச் சிமிட்டணும் தம்பி?" அறுபது தாண்டியவனைத் தம்பி என்று கூப்பிட இந்த ஊரில் ஆள் இருக்கிறது. மறுக்க மறுக்க மடியில் திணித்துவிட்டுப் போன முந்திரிப்பருப்புக்கும் நன்றி.

பழமலைநாதர் கோயில் உழவாரப் பணிக் குழுவினரே, முதல் நாளே கூடையைக் கையில் கொடுத்து புல் அள்ளச் சொன்னீர்கள். உங்களில் ஒரு அம்மா என் கதையைக் கேட்டுவிட்டு, சுந்தரர் இங்கே மணிமுத்தாற்றில் போட்ட பொன்னைத் திருவாரூர்க் குளத்தில் எடுத்ததைச் சொல்லி, "நீங்க நெய்வேலில போட்டதை இங்க எடுத்துக்கங்க" என்றார். எனக்குப் பக்தி கொஞ்சம் குறைச்சல். ஆனாலும் ஞாயிற்றுக்கிழமை தவறுவதில்லை.

லைஃப் சர்டிபிகேட் வேலை குவிகிற நவம்பர் நெருங்குகிறது. இந்த ஆண்டு நெய்வேலியிலிருந்து ஓய்வுபெற்று இந்தப் பக்கம் குடிவருகிற தோழர்கள், சாமான் இறக்கி முடித்ததும் ஒரு போன் போடுங்கள். நல்ல கேமரா உள்ள செல்போனும் உரக்கப் பேசுகிற தொண்டையும் தேவைப்படுகின்றன. டீ சங்கத்துக் கணக்கு.

நன்றியுடன்,
ஓய்வுபெற்ற மின்பணியாளர்,
விருத்தாசலம்