வசந்திக்கு, ஓவல் கல் பற்றி

திருச்சி
கார்த்திகை 3

அன்புள்ள வசந்தி,

உன் கடிதம் வந்து பத்து நாளாகிறது. அத்தைக்குக் கண் ஆபரேஷன். நேரம் தவறாமல் சொட்டு மருந்து விடுவதிலேயே பொழுது போய்விட்டது. இப்போது கட்டிலில் இருந்தபடியே காலண்டர் தேதியைப் படிக்கிறார்.

சுமதிக்கு நிச்சயம் என்றதும் எனக்குக் கண் கலங்கிவிட்டதடி. உன் அம்மாவின் ஏழுகல் தோடு வேண்டாம், ஓவல் வைரம் வைத்த ஒற்றைக்கல் மோதிரம்தான் வேண்டும் என்கிறாள் என்று வருத்தப்பட்டிருந்தாய். வருத்தப்படாதே. அவளுக்கு உன்னைப் போலவே பூசின விரல். ஓவல் கல் விரலை நீட்டிக் காட்டும். ஒரு காரட் வட்டக்கல் குறுக்கே ஆறரை மில்லிமீட்டர் இருக்கும். அதே எடை ஓவல் ஏழரைக்கு மேல் நீளும். அகலத்தைப் போல ஒன்றரை மடங்குக்கு உட்பட்ட நீளம் அழகு. அதற்கு மேல் போனால் எனக்கு நெல்மணி மாதிரி தெரிகிறது.

"சர்ட்டிபிகேட் இருந்தால் போதாதா?" என்று கேட்டாயே, போதாது. போன வருஷம் மருமகளுக்கு 70 சென்ட்டில், அதாவது 0.70 காரட்டில், ஓவல் வாங்கினேன். நிறமே இல்லாத எஃப் கலர், உள்குறை மிகக் குறைந்த விஎஸ்1, காகிதத்தில் ஒரு குறை கிடையாது. கடை விளக்கில் அப்படி எரிந்தது! வீட்டுக்கு வந்து ஜன்னலோரம் பார்த்தால், கல்லின் நடுவே குறுக்காக உடுக்கையைப் படுக்கவைத்தாற்போல ஒரு கறுப்பு. திருப்பித் திருப்பிப் பார்த்தேன், போகவே இல்லை. மாற்றுவதற்குள் கூலியும் சேதாரமும் கணிசமாகப் போயிற்று.

அதற்கு 'போ டை' என்று பெயராம். கல்லின் மேல் குனிகிற நம் தலையும் தோளும் வெளிச்சத்தை மறைக்கின்றன. அந்த நிழலைத்தான் பட்டைகள் நமக்கே திருப்பிக் காட்டுகின்றன. ஓவலில் அது கொஞ்சமாவது இருக்கும். கல்லை அசைத்தால் கலைந்து மின்னினால் நல்ல கல், அசைத்தும் அப்படியே உட்கார்ந்திருந்தால் வேண்டாம். வைரத்தைச் சோதித்து சர்ட்டிபிகேட் தருகிற ஜி.ஐ.ஏ., 'கட்' தரம், அதாவது வெட்டின் தரம், போடுவது வட்டக் கல்லுக்குத்தான். ஓவலுக்கு மெருகும் சமச்சீரும் மட்டும் எழுதியிருக்கும், உடுக்கையைப் பற்றி ஒரு வார்த்தை இருக்காது.

நம் பாட்டிமார் காகபாதம், அதாவது காக்கைக்கால் மாதிரிக் கீற்று, இருக்கிறதா என்று பார்த்துத்தானே வைரம் எடுத்தார்கள்? சிலப்பதிகாரத்திலேயே மதுரைக் கடைத்தெரு வைரங்கள் காகபாதம், களங்கம், விந்து, ஏகை என்ற குற்றங்கள் நீங்கியவை என்று சொல்லியிருக்கிறது. கல்லுக்குள் இருக்கிற அந்த மாதிரிக் குறையெல்லாம் இன்று காகிதத்திலேயே வந்துவிடும். ஓவலின் குற்றத்துக்கு நம் கண்தான் வேண்டும்.

இன்னொன்று, எடையைப் பார்த்து மயங்காதே. பட்டை தீட்டுகிறவர்கள் எடையைக் காப்பாற்ற அடிவயிற்றைக் கனமாக விட்டுவிடுவது உண்டு. காசு எடைக்குப் போகும், மேலே பார்த்தால் கல் சின்னதாக இருக்கும். கோஹினூரை 1852ல் லண்டனில் ஓவலாகத் திருப்பி வெட்டினார்கள்; இன்றைய கணக்கில் 191 காரட் 105.6 ஆயிற்று. ஒளிக்காக அவ்வளவையும் இழந்தார்கள் என்பதை நினைத்தால் எனக்கு இன்றும் சிலிர்க்கும்.

கலருக்காகக் கடன் படாதே. ஓவலில் மஞ்சள் இரண்டு முனையிலும்தான் தேங்கும், அங்கே மட்டும் உற்றுப் பார். மஞ்சள் தங்கத்தில் பதிப்பதானால் எஃப்புக்கு அடுத்த ஜி, எச் கலரே தாராளம். விஎஸ்1-க்கு அடுத்த விஎஸ்2 இருந்தால் பெரும்பாலும் வெறும் கண்ணுக்குக் குறை ஒன்றும் தெரியாது.

லேபில் வளர்த்த கல் பற்றியும் கேட்டிருந்தாய். அதுவும் அசல் வைரம்தான், விலை மிகக் குறைவு. திரும்ப விற்கப் போனால் ஏமாற்றம். சுமதி தெரிந்தே கேட்டால் வாங்கிக் கொடு. ஆனால் பில்லில் அப்படியே எழுதி வாங்கு. கடையில் தொட்டுப் பார்க்கிற சாதாரணப் பேனா டெஸ்டர் லேப் கல், பூமியில் எடுத்த கல் இரண்டையும் வைரம் என்றே சொல்லும்.

தையில்தானே எடுக்கப் போகிறாய்? முந்தின நாள் போன் பண்ணு, நானும் வருகிறேன். காலை பத்து மணிக்கே போய்விடுவோம், சாயங்காலம் வேண்டாம். கல்லை வாசலுக்குக் கொண்டுவந்து பகல் வெளிச்சத்தில் காட்ட மறுக்கிற கடையில் நாம் உட்காரவே வேண்டாம். உன் அம்மாவின் தோட்டையும் எடுத்து வா, அதையும் ஒரு தடவை வெயிலில் பார்க்க ஆசையாக இருக்கிறது.

அன்புடன்,
மங்கை