கழற்றி வீசப்படும் கோபுரம்: என் பௌதிகவியல் ஆசிரியருக்கு ஒரு கடிதம்

மதிப்பிற்குரிய சேர்,

2023 ஒக்டோபர் 21 ஆம் திகதி காலை, கல்லடியில் உங்கள் வீட்டு விறாந்தையில் இருந்து, மனிதரை விண்ணுக்கு அனுப்பும் இந்தியத் திட்டமான ககன்யானின் தப்பித்தல் சோதனையை என் கைத்தொலைபேசியில் பார்த்தோம். ஆபத்து வந்தால் ஆட்கள் இருக்கும் கலத்தை ரொக்கெட்டிலிருந்து இழுத்துச் செல்ல, அதன் உச்சியில் பொருத்தும் தப்பித்தல் கோபுரத்துக்கான சோதனை அது. 5 விநாடி எஞ்சியிருக்கையில் கணினி ஏவுதலை நிறுத்தியதும் நீங்கள் சிரித்தீர்கள். 10 மணிக்கு ரொக்கெட் எழும்பியது. வேண்டுமென்றே நடுவழியில் பிரிக்கப்பட்ட கலம், நம் வீட்டுக்குப் பின்னால் இரையும் அதே வங்காள விரிகுடாவில், ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து சுமார் 10 கிலோமீற்றர் தள்ளிப் பரசூட்டில் இறங்கியது. ஆபத்து வராவிட்டால் அந்தக் கோபுரம் வழியிலேயே கழற்றி வீசப்படும் என்றேன். "பாவிக்காமலே கழற்றி எறியிற சாமானுக்கு ஏன் இவ்வளவு பாரம்?" என்று கேட்டீர்கள். ஆறிய பிளேன்டீயுடன் மறுமொழியின்றி இருந்தேன்.

பாரம் உண்மைதான். ஆனால் கோபுரத்தில் இருந்து கலத்தை இழுத்துச் செல்லும் திண்ம எரிபொருள் மோட்டாரைவிட, அதை எப்போது பற்றவைப்பது என்ற தீர்மானமே கடினமானது என்று நினைக்கிறேன்.

1983 செப்டெம்பர் 26 ஆம் திகதி சோவியத் ஏவுதளமான பைக்கனூரில், விண்வெளி வீரர்கள் திற்றோவும் ஸ்திரெக்காலோவும் அமர்ந்திருந்த சோயுஸ் ரொக்கெட்டின் அடியில், புறப்பட ஒன்றரை நிமிடம் இருக்கையில் தீப்பிடித்தது. தீயை முதலில் உணர்ந்திருக்க வேண்டிய வயர்களையே தீ தின்றுவிட்டதால், வெவ்வேறு அறைகளில் இருந்த இருவர் 5 விநாடிக்குள் தத்தம் பொத்தானை அழுத்தி, வானொலி வழியே கட்டளை அனுப்ப வேண்டியிருந்தது. அனுப்பினார்கள். புவியீர்ப்பின் 14 மடங்குக்கும் மேலான விசையில் கலம் பிய்த்துக்கொண்டு போனது. சில விநாடிகளில் ஏவுதளம் வெடித்தது. இருவரும் சுமார் 4 கிலோமீற்றருக்கு அப்பால் உயிருடன் இறங்கினர்.

மறுபக்கமும் உண்டு. 1966 டிசெம்பர் 14 ஆம் திகதி, ஆளில்லாத சோயுஸ் ஒன்றின் ஏவுதல் நின்றுபோய், பணியாளர்கள் தளத்துக்குத் திரும்பியிருந்த வேளையில் கோபுரம் தானாகவே பற்றிக்கொண்டது. ரொக்கெட் அசையவில்லை, சேர், பூமிதான் சுழன்றது. அந்தச் சுழற்சியை, திசை மாறாமல் சுழன்று சாய்வை உணரும் கருவியான உள்ளிருந்த சுழல்காட்டி ரொக்கெட்டின் சாய்வாக எடுத்துக்கொண்டது. மூண்ட தீயில் உயிர் போனது. நீங்கள் வகுப்பில் பம்பரம் சுற்றிக் காட்டிய பாடம் இதுவேதான்.

2018 ஒக்டோபர் 11 ஆம் திகதி பறந்த சோயுஸில் நிலைமை வேறு. பக்க ரொக்கெட் ஒன்று சரியாகப் பிரியாமல் மோதியபோது கோபுரம் ஏற்கெனவே கழன்றிருந்தது. கலத்தை மூடியிருந்த மூக்குக்கவசத்தில் இருந்த சிறிய மோட்டார்கள் விண்வெளி வீரர்கள் ஓவ்சினினையும் ஹேக்கையும் காப்பாற்றின. மறு மார்ச்சில் அதே இருவரும் இன்னொரு சோயுஸில், மீண்டும் ஒரு கோபுரத்தைத் தலைக்குமேல் வைத்துக்கொண்டு, விண்வெளி நிலையத்துக்குப் புறப்பட்டார்கள்.

இப்படிக்கு,
உங்கள் பழைய மாணவன்