ஊட்டி மருத்துவக் கல்லூரி கூடலூருக்கும் இறங்கி வரட்டும்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

ஊட்டி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை என்று பேச்சு எடுத்தாலே எல்லோரும் 700 படுக்கை, 700 படுக்கை என்றுதான் ஆரம்பிக்கிறார்கள். நல்ல விஷயம்தான், யார் இல்லை என்றார்கள்? 2022 ஜனவரியில் தமிழ்நாட்டில் ஒரே நாளில் திறந்த 11 கல்லூரிகளில் நீலகிரியும் ஒன்று, வருடத்துக்கு 150 மாணவர்கள், அப்புறம் 2025 ஏப்ரலில் மருத்துவமனைக் கட்டடமும் திறந்தாயிற்று. அதற்கு முன்னால் இந்த மாவட்டத்தில் கொஞ்சம் பெரிய வியாதி என்றாலே "கீழே கொண்டு போங்க" என்பதுதான் பதில். கீழே என்றால் கோயம்புத்தூர். குன்னூர் இறக்கம், பர்லியாறு, மழைக்காலமாக இருந்தால் எந்த வளைவில் மண் சரிந்து கிடக்கிறதோ என்ற பயம் வேறு. 2009 நவம்பரில் சாலைகள் துண்டு துண்டாகக் கிடந்ததைப் பார்த்தவர்களுக்கு, மலைமேலேயே பெரிய ஆஸ்பத்திரி இருப்பதன் அருமையை யாரும் எடுத்துச் சொல்ல வேண்டாம்.

ஆனால் நான் எழுதுவது கூடலூரிலிருந்து. எங்கள் கணக்கு வேறு. இங்கிருந்து ஊட்டி 50 கிலோமீட்டர், நடுவட்டம், பைக்காரா என்று வளைந்து வளைந்து ஏற வேண்டும். பந்தலூர், சேரம்பாடி, எருமாடு பக்கம் உள்ளவர்களுக்கு இன்னும் தூரம். அவசரம் என்றால் அவர்களில் பலர் ஊட்டியை நினைப்பதே இல்லை, நேராக சுல்தான் பத்தேரி, இல்லையென்றால் கோழிக்கோடு. தமிழ்நாட்டில் ஓட்டு, கேரளாவில் வைத்தியம். இதில் யாரையும் குறை சொல்ல முடியாது, சாலை போகிற திசை அப்படி.

இந்தப் பக்கத்தில்தான் சிக்கிள் செல் என்கிற அரிவாள் அணுச் சோகை இருக்கிறது. இந்தியாவிலேயே இந்த நோயின் கூறு முதன்முதலில் கண்டுபிடிக்கப்பட்டது நம் நீலகிரியில்தான் என்பது இங்கேயே பலருக்குத் தெரியாது. 1952-இல் லெஹ்மன், கட்புஷ் என்ற இரண்டு ஆராய்ச்சியாளர்கள் இந்த மலைப் பழங்குடி மக்களின் ரத்தத்தைச் சோதித்துவிட்டு எழுதினார்கள். எழுபது வருடத்துக்கு மேல் ஆகிவிட்டது. சிவப்பணு வட்டமாக இல்லாமல் அரிவாள் போல வளைந்து, சின்ன ரத்தக் குழாய்களில் சிக்கி அடைத்துக்கொள்ளும். அந்த நேரத்தில் வருகிற கை கால் வலியை, நெஞ்சு வலியைப் பார்த்தவர்கள் மறக்க மாட்டார்கள். இது பரம்பரையாக வருகிற நோய். அம்மா அப்பா இருவரிடமும் ஒரு பாதி (அதாவது இந்த நோயின் மரபணு ஒன்று மட்டும்) இருந்தால், ஒவ்வொரு பிள்ளைக்கும் நாலில் ஒரு பங்கு வாய்ப்பு முழு நோய் வர. அந்த ஒரு பாதி மட்டும் உள்ளவர்களை மலேரியா அவ்வளவாகச் சாய்க்காது. அந்தக் காலத்தில் வயநாட்டுக் காடு (கூடலூர்ப் பக்கமும் அதில் சேர்ந்ததுதான்) என்றாலே மலேரியாதானே, அந்தக் காட்டில் தலைமுறை தலைமுறையாக வாழ்ந்தவர்களிடம் இது தங்கியதில் ஆச்சரியமில்லை.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். இந்த அணுக்கள் வளைவதற்குக் காரணங்களில் சில: குளிர், உடம்பில் தண்ணீர் குறைவது, ஆக்சிஜன் குறைவது. ஊட்டி 2,240 மீட்டர் உயரத்தில் இருக்கிறது, கூடலூர் சுமார் 1,000 மீட்டர். வலியில் துடிக்கிற ஒரு பணியர் பழங்குடி வீட்டுப் பிள்ளையை, டிசம்பர் ராத்திரியில், குளிர் அதிகமாகவும் காற்று மெலிந்தும் இருக்கிற உயரத்துக்கு இரண்டு மணி நேரம் வண்டியில் ஏற்றிக்கொண்டு போவது என்ன வைத்தியம்? பழங்குடியினருக்கென்று ஊட்டியில் 50 படுக்கை ஒதுக்கியிருப்பதை மனதார வரவேற்கிறேன். ஊட்டி, கோத்தகிரி, குன்னூர் பக்கத்து மக்களுக்கு அது பெரிய உதவி. (நோயாளி ஒருவர் என்றால் அவரோடு நாலு பேர் வருவார்கள், அவர்கள் எங்கே படுப்பார்கள், என்ன சாப்பிடுவார்கள் என்பதையும் சேர்த்து யோசித்தால் நல்லது.) ஆனால் சிக்கிள் செல்லுக்கு நோயாளி மேலே ஏறக் கூடாது, டாக்டர்தான் கீழே இறங்க வேண்டும்.

அதற்கு வழி இருக்கிறது, அதுதான் மருத்துவக் கல்லூரி என்பதன் பலனே. சாதாரண ஆஸ்பத்திரியில் ராத்திரி ஒரே ஒரு டியூட்டி டாக்டர், அவரும் பிரசவம் பார்க்கப் போய்விட்டால் மற்றவர்கள் காத்திருக்க வேண்டியதுதான். கல்லூரி ஆஸ்பத்திரி என்றால் ஹவுஸ் சர்ஜன் (படிப்பை முடித்துப் பயிற்சியில் இருக்கிற இளம் டாக்டர்) இருப்பார், அவருக்கு மேலே ஒருவர், அவருக்கும் மேலே பேராசிரியர். காலையில் ரவுண்ட்ஸ் வரும்போது பேராசிரியர் கேள்வி கேட்பார் என்ற பயத்திலாவது ராத்திரியே எல்லாவற்றையும் பார்த்து எழுதி வைத்திருப்பார்கள். "என்னை வைத்துப் படிக்கிறாங்கப்பா" என்று நம் ஆட்கள் சலித்துக்கொள்வது உண்டு. படிக்கட்டுமே! பத்துப் பேர் பார்த்தால் ஒருவர் கண்ணிலாவது தப்பாமல் படும்.

முதல் செட் மாணவர்கள் 2022 தொடக்கத்தில் சேர்ந்தார்கள். நாலரை வருடப் படிப்பு, அப்புறம் ஒரு வருடம் ஹவுஸ் சர்ஜன். அந்த ஒரு வருடத்தில் மூன்று மாதம் சமூக மருத்துவத்துக்கு என்று விதியிலேயே இருக்கிறது. முதல் வருடத்திலிருந்தே ஒவ்வொரு மாணவரும் சில குடும்பங்களைத் தத்தெடுத்துப் பார்த்துவர வேண்டும் என்ற திட்டமும் இருக்கிறது. பி.ஜி. என்கிற மருத்துவ மேல்படிப்பு படிப்பவர்கள் மூன்று மாதம் மாவட்ட அளவிலான மருத்துவமனையில் வேலை பார்க்க வேண்டும் என்பதும் நாடு முழுக்க உள்ள விதிதான். கூடலூர் அரசு மருத்துவமனை மாவட்டத் தலைமை மருத்துவமனையாகத் தரம் உயர்ந்திருக்கிறது. பிறகென்ன? புதிதாகச் சட்டம் போட வேண்டியதில்லை. ஹவுஸ் சர்ஜன்களை மாற்றி மாற்றி இங்கே அனுப்பலாம், வாரம் ஒரு நாள் பேராசிரியர் வந்து சிக்கிள் செல் ஓ.பி. நடத்தலாம், தத்தெடுக்கும் குடும்பங்களில் ஒரு பகுதியைப் பணியர், காட்டுநாயக்கர், முள்ளுக்குறும்பர் குடியிருப்புகளிலும் தேயிலைத் தோட்டத் தொழிலாளர்களின் லைன் வீடுகளிலும் கொடுக்கலாம். பஸ் நின்ற இடத்திலிருந்து அரை மணி நேரம் நடந்து, அட்டைக்கடி வாங்கி ஒரு வீட்டுக்குப் போய்ப் பார்த்தால்தான், "மாத்திரையை ஏன் ஒழுங்காகச் சாப்பிடவில்லை?" என்று ஓ.பி.யில் உட்கார்ந்து திட்டுகிற பழக்கம் போகும். சிக்கிள் செல்லுக்கான அந்த மாத்திரை, ஹைட்ராக்ஸியூரியா, தினமும் சாப்பிட வேண்டியது. ரத்தப் பரிசோதனையும் அவ்வப்போது பார்க்க வேண்டும். ஊட்டிக்கு வந்துதான் வாங்க வேண்டும் என்றால் இரண்டாம் மாதமே நின்றுவிடும்.

இது நடக்குமா என்று கேட்பவர்களுக்கு ஒரு பதில் எங்கள் ஊரிலேயே இருக்கிறது. கூடலூர் ஆதிவாசி மருத்துவமனை 1990-இல் தொடங்கியது. ஆதிவாசிப் பெண்களையே நர்சுகளாகவும், ஊர் ஊராகப் போகும் சுகாதார ஊழியர்களாகவும் பயிற்சி கொடுத்து உருவாக்கினார்கள். சிக்கிள் செல் நோயாளிகளைத் தேடிப்பிடித்துத் தொடர்ந்து பார்த்து வருவதும் அவர்கள்தான். கல்லூரி என்ற பெயர்ப்பலகை இல்லாமலே அவர்கள் கற்றுக்கொடுத்திருக்கிறார்கள். அரசுக் கல்லூரியின் பேராசிரியர்கள் அவர்களோடு உட்கார்ந்து பேசுவதில் ஒரு கௌரவக் குறைச்சலும் இல்லை. 2023 ஜூலையில் மத்திய அரசு சிக்கிள் செல்லை 2047-க்குள் ஒழிப்பதாக ஒரு பெரிய இயக்கத்தைத் தொடங்கியது. இந்தியாவில் முதலில் கண்டுபிடித்த மாவட்டத்திலேயே இப்போது ஒரு மருத்துவக் கல்லூரி இருக்கிறது. இந்த நோயைப் பற்றிப் படிக்க நாடு முழுவதிலிருந்தும் மாணவர்கள் இங்கே வரும்படி செய்தால் என்ன?

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். மருத்துவப் படிப்பில் அரசுப் பள்ளி மாணவர்களுக்கு 7.5 சதவீத உள் ஒதுக்கீடு 2020 முதல் இருக்கிறது. எங்கள் பக்கத்து அரசுப் பள்ளிகளில் உயிரியல் வாத்தியார் பணியிடம் காலியாகக் கிடந்தால் அந்த ஒதுக்கீட்டால் கூடலூர்ப் பிள்ளைக்கு என்ன லாபம்? இதற்குக் கல்லூரியின் தலைவரான டீன் பதில் சொல்ல முடியாது, கல்வித் துறைதான் சொல்ல வேண்டும். ஆனால் கல்லூரி மாணவர்கள் சனி, ஞாயிறுகளில் இங்குள்ள பிளஸ் டூ பிள்ளைகளுக்குப் பாடம் எடுக்கலாமே. யாராவது அழைத்தால்தானே வருவார்கள்.

உங்கள் நிருபர் அடுத்த முறை கல்லூரி டீனைச் சந்திக்கும்போது, கட்டடத்தைப் படம் எடுத்ததும் இதையும் கேட்டுப் போடச் சொல்லுங்கள்: கூடலூருக்கு ஹவுஸ் சர்ஜன்கள் எந்த மாதத்திலிருந்து வருவார்கள், ராத்திரி தங்கி டியூட்டி பார்க்க அவர்களுக்கு இங்கே அறை இருக்கிறதா?

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
கூடலூர், நீலகிரி